இரண்டரை அங்குலம்

ஜூன் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் இன்று இரண்டு இசிஜி மெஷின்கள் சொல்லிவைத்த மாதிரி படுத்துக்கொண்டன. இரண்டையும் எழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து உட்காரக்கூட இல்லை, நாத்தனார் காபியை நீட்டிக்கொண்டே சொல்கிறாள்: "அண்ணி, குண்டனை வித்துடலாம்."

பஸ் பாடி கட்டும் கம்பெனியில் அவளுக்குப் பெயிண்ட் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும், இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அதனால் அங்கேயே வீடு பார்க்கிறாளாம். நல்ல விஷயம்தான். கல்யாணம் முறிந்து இரண்டு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டரை வருஷம் ஆகிறது. அவளுக்கென்று ஒரு வேலை வேண்டும்தான். ஆனால் அவள் போவதற்கும் குண்டனை விற்பதற்கும் என்ன சம்பந்தம்?

பழைய இரும்புக் கடையில் கரையான் தின்று கிடந்த வீடியோ கேம் பெட்டிதான் குண்டன். நாற்பது வருஷப் பழசு. உள்ளே இருக்கும் போர்டும் படக்குழாயும் என் பொறுப்பு. வெளிப்பெட்டியைப் புதிதாகச் செய்து படம் எழுதியது அவள். பதினான்கு மாதம், ஒரு ஞாயிறு விடாமல். போன மாதம்தான் உயிர் வந்தது. அதற்குள் விற்க வேண்டுமாம். அதுவும் பழைய பேப்பரை எடைக்குப் போடலாம் என்று சொல்வதைப் போல.

ஏன் என்று கேட்டேன். "அது நிக்கிற ரூம் உங்களுக்கு வேணும்ல" என்றாள். யார் கேட்டார்கள் ரூமை?

ஜூன் 4, புதன்

நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. இவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

ஜூன் 8, ஞாயிறு

என்னைக் கேட்காமலே விளம்பரம் போட்டிருக்கிறாள். படம் எல்லாம் பிரமாதமாக எடுத்திருக்கிறாள், அதில் குறைவில்லை.

காலையில் முதல் ஆள் வந்தார். பழைய பெட்டிகளைச் சேகரிக்கிறவராம், வீட்டில் ஒன்பது இருக்கிறதாம். செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை. கையில் ஒரு சின்ன டார்ச் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். "ஒரிஜினல் பெயிண்ட் எங்கம்மா?"

கரையான் தின்னுடுச்சு என்றேன்.

"அப்ப இது புதுசு. புதுசை நான் கடையில வாங்கிப்பேனே."

நாத்தனார் ராத்திரி பகலாக உட்கார்ந்து பெட்டியில் எழுதிய ஆற்றுப் படம், அதில் ஒவ்வொரு அலைக்கும் மூன்று நீலம். அதை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மனுஷன் உதட்டைப் பிதுக்குகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காபி சாப்பிட்டுக் கிளம்புங்க" என்றேன். காபி போடவே இல்லை. அவருக்கும் புரிந்துவிட்டது.

அவர் போனதும் எனக்கு ஒரே சந்தோஷம். இதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூன் 11, புதன்

இன்று காபிக் கடைக்காரர் ஒருவர். உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துப்போட்டுவிட்டு ஒரு சின்ன கம்ப்யூட்டரை வைத்தால் ஆயிரம் கேம் ஓடுமாம். "இந்தப் பழைய சாமானை நீங்களே வச்சுக்குங்க மேடம்" என்று தாராளமாக வேறு சொன்னார். போர்டில் எழுபத்திரண்டு கெபாசிட்டரை ஒவ்வொன்றாக மாற்றியவள் நான். பழைய சாமானாம்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். நாத்தனார் என்னைப் பார்த்த பார்வை: நீங்க விக்கவே போறதில்ல, அப்படித்தானே?

ஆமாம். அப்படித்தான். ஆனால் ஏன் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. எனக்கு விளையாட்டே சரியாக வராது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆளுக்கொரு துடுப்புப் போட வேண்டிய படகு விளையாட்டு. இடது துடுப்பு அவள், வலது நான். மூன்றாவது பாறையில் முட்டிவிடுவேன், அவள் "அண்ணி, கண்ணைத் திறந்துட்டு ஆடுங்க" என்பாள்.

அவள் வந்த முதல் வருஷம் நாங்கள் பேசியதை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். பால் வாங்கியாச்சா. மோட்டார் போட்டாச்சா. அவ்வளவுதான். பேச்சு வந்ததே இந்தப் பெட்டியால். இது போனால்? மறுபடியும் பாலும் மோட்டாருமா?

ஜூன் 15, ஞாயிறு

பல் டாக்டர் ஒருவர் வந்தார். அவரிடம் ஒரு குறை சொல்ல முடியுமா என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. பல் பிடுங்க வரும் பிள்ளைகள் வாசலிலேயே அழுகிறார்களாம், காத்திருக்கும் இடத்தில் வைக்க வேண்டுமாம். உள்ளே எதையும் மாற்ற மாட்டாராம். படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணி யாரு எழுதினது?" என்று கேட்டார். நாத்தனார் சுவரைப் பார்த்தாள். அவளுக்குப் பாராட்டு கேட்டால் அப்படித்தான்.

அடுத்த ஞாயிறு வண்டியோடு வருகிறேன் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வண்டி வந்தது. நான்கு ஆட்கள், கயிறு, கம்பளி, தள்ளுவண்டி, டாக்டர், டாக்டர் மனைவி. குண்டனுக்குக் கம்பளி போர்த்தி பின்னறைக் கதவு வரைக்கும் நகர்த்திக்கொண்டு போனார்கள். அங்கே நின்றது. நேராக வைத்தால் போகவில்லை. திருப்பினால் போகவில்லை. சாய்த்தால் மேல்பக்கம் இடித்தது. ஜன்னல் என்றால் கம்பி. ஒரு மணி நேரம். எதிர்வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து ஆலோசனை வேறு சொன்னார்கள்.

கடைசியில் டேப்பை எடுத்து அளந்தேன். கதவு இருபத்தெட்டு அங்குலம். பெட்டி முப்பதரை.

இரண்டரை அங்குலம் பெரிது. பலகை பலகையாக உள்ளே போனது, பெட்டியாக வெளியே வராது.

இவர் எல்லோர் முன்னாலும், "ஏம்மா, உங்க ஆஸ்பத்திரியில மெஷினெல்லாம் கூரையைப் பிரிச்சா எடுப்பீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். டாக்டர் நல்ல மனிதர், அவர் சிரிக்கவில்லை. "எங்க கிளினிக்ல பல் நாற்காலி கொண்டுவரப்ப ரெட்டைக் கதவா மாத்தினோம். ஏதாவது வழி பாருங்க, நான் காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு வெறும் வண்டியோடு போனார்.

எல்லோரும் போன பிறகு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இருபது வருஷமாக நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: மெஷின் வருவதற்கு முன்னால் கதவை அள. அவளிடமும் சொன்னேன். வரைபடம் போடும்போதே சொன்னேன்.

"கதவைப் பாரு, கதவைப் பாருன்னு எத்தனை வாட்டி சொன்னேன்? பாத்துட்டேன் அண்ணின்னு சொன்னியே. என்னத்தைப் பாத்தே?"

அவள் முகம் சிவந்துவிட்டது. கம்பளியை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

தச்சர் வந்து பார்த்தார். நடுவில் அறுத்து இரண்டாக எடுத்துக்கொண்டு போய் அங்கே ஒட்டலாம் என்கிறார். "போல்ட் போட்டிருந்தா பிரிச்சிருக்கலாம். இது பூராப் பசை. யாருங்க இப்படிச் செஞ்சது?"

நான் போல்ட்தான் சொன்னேன். பசைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது அவள். "போல்ட் போட்டா ஆட்டம் காணும் அண்ணி." அகலம் முப்பதரை என்றபோதும் கேட்டேன், எதுக்கு இவ்வளவு? "ரெண்டு பேர் நிக்கணும்ல. கை இடிக்கும்." அதற்கும் தலையாட்டினேன். மெஷின் என்றால் யாரையும் நம்பாதவள், அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறேன். முட்டாள்.

அறுக்க விட மாட்டேன். அதுமட்டும் நிச்சயம்.

ஜூன் 26, வியாழன்

தனியாக ஆடிப் பார்த்தேன். ஒரு துடுப்புப் போட்டால் படகு இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. ஒரு துடுப்புக்கே இரண்டு கையும் வேண்டும், அடுத்த துடுப்பு முப்பதரை அங்குல அகலத்தின் அந்தக் கோடியில்.

ஜூன் 28, சனி

தச்சருக்குக் காட்டலாம் என்று பழைய வரைபடத்தைத் தேடினேன். போர்டு சம்பந்தப்பட்ட காகிதங்களோடு ஃபைலில் இருந்தது. அவள் கையால் பென்சிலில் போட்டது. நான் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை, படக்குழாய் வரும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்திருப்பேன்.

கீழ் மூலையில், சின்னதாக: கதவு 28. அதைச் சுற்றி இரண்டு வட்டம். அதற்கு நேர் கீழே: பெட்டி 30½.

அவள் பார்த்திருக்கிறாள். அளந்திருக்கிறாள். அளந்து, தெரிந்தே—

ஏன்?

தேதி போட்டிருக்கிறாள், போன வருஷம் மார்ச் 12. போன வருஷ டைரியை எடுத்தேன். 12-ல் ஒன்றும் இல்லை. 9-ல் இருக்கிறது, என் கையெழுத்தில்:

"சமையலறையில் வைத்து இவரிடம் கேட்டே விட்டேன், இன்னும் எத்தனை நாளைக்கு இவள் இங்கே என்று. நாமும் எவ்வளவுதான் பொறுப்பது."

கேட்டிருக்கிறாள். பாவி, நான் பேசினதைக் கேட்டிருக்கா. மூணு நாள் கழிச்சு, வெளிய போகவே முடியாத மாதிரி ஒண்ணை இந்த வீட்டுக்குள்ள செஞ்சு வச்சிருக்கா. அதுக்கு நானே பலகை பிடிச்சேன். பசை கலக்கிக் கொடுத்தேன். போன ஞாயித்துக்கிழமை 'என்னத்தைப் பாத்தே'ன்னு அவளையே கேட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

காலை முழுக்கத் துணி மடித்தேன். மடித்ததையே மடித்தேன். பிறகு வரைபடத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவள் வெயிலில் பிரஷ்களைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். காகிதத்தைப் பார்த்ததும் கையை மட்டும் நிறுத்தினாள்.

"அன்னைக்கு நான் அவர்கிட்ட சொன்னது உன் காதுல விழுந்துச்சா?"

"சமையல் ரூமுக்கும் என் ரூமுக்கும் நடுவுல ஒரு சுவர்தானே அண்ணி."

தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவளே பேசினாள். "கிறுக்குத்தனம்தான். அது வெளிய போக முடியாதுன்னா, அதைப் பாத்துக்கன்னு நானும் இருக்கலாம்னு ஒரு கணக்கு. அப்புறம் வேலை செய்ய ஆரம்பிச்சதும் மறந்தே போச்சு. நீங்களும் மாறிட்டீங்க. வண்டி வர்ற வரைக்கும் எனக்கு ஞாபகமே இல்ல, சத்தியமா."

"அப்புறம் ஏன் இப்ப விக்கணும்கற? இருக்கட்டுமே."

"அது இங்க இருந்தா நான் பாதிதான் போன மாதிரி இருக்கும். அங்க ஏதாவது ஒண்ணு சரியில்லன்னா உடனே ஓடி வந்து இது முன்னாடி நின்னுக்குவேன். போனா முழுசா போகணும் அண்ணி. அப்பதான் இந்த வீட்டுக்கு விருந்தாளியா வர முடியும்."

இத்தனை நாளும் என்னை விட்டுப் போகத்தான் அவசரப்படுகிறாள் என்று நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தேன்.

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. எனக்கு அந்த வார்த்தை சுலபத்தில் வராது. "கதவு நிலையைக் கழட்டிடலாம்" என்றேன். "ஒரு பக்கம் ரெண்டரை, ரெண்டு பக்கமும் அஞ்சு. தாராளமா போகும், வாசல் ரெட்டைக் கதவுதானே."

"வீட்டை இடிக்கிறீங்கன்னு அண்ணன் கத்துவாரு."

"கத்தட்டும்."

அவள் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டர்பன்டைன் கையோடு துடைத்ததில் எரிச்சல் தாங்காமல் பத்து நிமிஷம் குழாயடியில் நின்றோம்.

ஜூலை 6, ஞாயிறு

இவர் கத்தினார். தச்சர் நிலையைப் பெயர்த்தார். சுவரில் ஒரு கூடை சிமெண்ட் உதிர்ந்தது. குண்டன் இரண்டு பக்கமும் இடம் விட்டு, ஏதோ தினமும் போய்வருகிறவன் மாதிரி வெளியே போனான்.

வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் நடுக்கூடத்தில் மின்சாரம் கொடுத்து ஒரு ஆட்டம் ஆடினோம். ஐந்தாவது பாறை வரை போனோம். அதற்குமேல் எனக்குத் திரை தெரியவில்லை. "கண்ணைத் திறந்துட்டு ஆடுங்க" என்று இந்த முறை அவள் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அவளும் போனாள். அதே இரண்டு பெட்டிகள், கூட ஒரு பிரஷ் டப்பா. பின்னறைக்கு நிலை இன்னும் வைக்கவில்லை. எப்போது வைப்பாய் என்று இவர் தினமும் கேட்கிறார். வைக்கலாம், என்ன அவசரம்.

ஜூலை 23, புதன்

போனில் பேசினாள். பால் அங்கே நன்றாக இல்லையாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெள்ளிக்கிழமை இரும்புக் கடைக்காரர் போன் செய்தார். இன்னொன்று வந்திருக்கிறதாம், உட்கார்ந்து ஓட்டும் கார் பெட்டி. மழையில் ஊறிப் பலகை எல்லாம் உப்பிக் கிடக்கிறதாம், போர்டு மட்டும் தேறும் போலிருக்கிறது. யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று சொல்லி வைத்தேன். வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

இன்று முதல்முறையாக அவள் வீட்டுக்குப் போனேன். நல்லவேளை, தரைத்தளம்தான். ஒரு கூடம், ஒரு சின்ன அறை, கூடத்தில் ஒரு மூலை காலி. "உக்காருங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு அவள் காபி போட உள்ளே போனாள். நான் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து டேப்பை எடுத்துச் சத்தமில்லாமல் வாசல் கதவில் வைத்துப் பார்த்தேன். டேப் சுருளும் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எவ்ளோ அண்ணி?"

"முப்பத்திரண்டரை."

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"சரி" என்றாள். "இந்த வாட்டி போல்ட் போட்டே செய்யலாம்."