வாசலில் சிக்கிய லிபரேட்டர்

காங்கேயம்
6.10.1995

அன்புள்ள அம்மணிக்கு,

அண்ணன் எழுதுவது. மழைதான் இல்லை, மற்றபடி சுகம்.

லிபரேட்டர் முடிந்துவிட்டது. யுத்த காலத்துக் குண்டுவீச்சு விமானத்தை ஓரடிக்கு ஒன்றரை அங்குலமாகக் குறைத்து மரத்தில் செய்திருக்கிறேன். வாலில் துப்பாக்கிக்காரன் உட்காரும் கூண்டுகூட உண்டு. சின்ன வயதில் இது நம் தோட்டத்துக்கு மேலே தாழப் பறந்தபோது, இரண்டு இன்ஜின் என்று நான் சாதித்தேன். நீ நான்கு என்றாய். நான்குதான்.

உன் கல்லூரிக் கண்காட்சியில் வைக்கலாமா? "கட்டில் போட எடமில்லீங்க. அந்த ஏரோப்ளேன எப்ப ஊட்ட உட்டுத் தொரத்துவீங்க?" என்கிறாள் என் வீட்டுக்காரி, உன் நங்கையா ராசாத்தாள்.

அன்புடன்,
தம்பிதுரை

கோயம்புத்தூர்
11.10.1995

அன்புள்ள அண்ணனுக்கு,

நான்கு என்று ஒப்புக்கொள்ள உங்களுக்குத் தலை நரைக்க வேண்டியிருந்திருக்கிறது.

பிரின்சிபால் சம்மதித்துவிட்டார். நீங்கள் சொன்ன அளவுக்கு இறக்கை பதினான்கு அடி வருகிறது. கழற்ற முடியுமா? வாசலில் எப்படி வெளியே வரும்?

நேரில் வந்து பார்க்கச் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டுக்கு வாசக்கால் வைத்த அன்று, உடன்பிறந்தவள் பூச வேண்டும் என்று மஞ்சள் கிண்ணத்தோடு முன்னால் நின்றேன். "புருசன் இல்லாத புள்ள, கொஞ்சம் தள்ளி நில்லு அம்மணி" என்றார் ஒரு பெரியவர். தள்ளி நின்றவள் அப்படியே பஸ் ஏறிவிட்டேன். அந்த வாசலுக்குள் இனி வருவதாக இல்லை.

வால் துடுப்புகள் முட்டை வடிவில் இருக்க வேண்டும். சரிபார்க்கவும்.

தங்கை,
கமலவேணி

காங்கேயம்
20.10.1995

அம்மணி,

துடுப்பு முட்டைதான். இறக்கை கழலாது. அசலில் ஒரே இறக்கை முதுகின் மேல் குறுக்காகப் போகிறது, நானும் அப்படியே தேக்குச் சட்டம் கொடுத்து ஒட்டிவிட்டேன். வாசலை நினைக்கவேயில்லை.

மூக்கை முதலில் விட்டோம், பக்கவாட்டில் விட்டோம். நம் எண்ணெய் மில் ஆட்கள் சிரித்ததுதான் மிச்சம். "ஏனுங்க, குண்டு போடற ஏரோப்ளேன்தானுங்களே? வாசல் மேல ஒண்ணு போடச் சொல்லுங்க" என்கிறான் ஐயாசாமி.

பிசிக்ஸ் படித்தவள் ஒரு வழி சொல்.

அண்ணன்

கோயம்புத்தூர்
25.10.1995

அன்புள்ள அண்ணனுக்கு,

இறக்கை நுனியை முதலில் விட்டாலும், மூக்கிலிருந்து வால்வரை எட்டரை அடி. வாசல் ஏழடிகூட இல்லை. சாய்த்தும் கணக்குப் போட்டேன். போகாது.

ஒன்று, இறக்கையை நடுவில் அறுக்க வேண்டும். இல்லையென்றால் வாசக்காலைப் பெயர்க்க வேண்டும். பூசை போட்டு வைத்ததைப் பெயர்க்க நங்கையாவும் ஊரும் விடமாட்டார்கள். ஆகவே ரம்பத்தை எடுங்கள்.

கமலவேணி

காங்கேயம்
2.11.1995

அன்புள்ள அம்மணிக்கு,

ரம்பத்தை எடுக்கவில்லை. கடப்பாரையை எடுத்தேன்.

வாசக்கால் போயிற்று, மேலே சுவரும் கொஞ்சம் போயிற்று. லிபரேட்டர் களத்தில் காயும் தேங்காய்ப் பருப்புக்கு நடுவே நிற்கிறது. ஒரு காக்கைகூடக் கிட்ட வருவதில்லை. ஊர் கேட்டதற்கு, எல்லாம் இந்த ஏரோப்ளேனால் வந்தது என்று சொல்லிவிட்டேன்.

ராசாத்தாள் கோபிப்பாள் என்றுதான் பயந்தேன். "பேசாம புதுசு வெச்சுபோடலாமுங்க. இந்தவாட்டி அம்மணிதான் மஞ்சள் பூசோணும். அவங்க வாரவரைக்கும் சாக்கைத் தொங்கவுட்டுக்கலாம்" என்கிறாள்.

புது வாசக்கால் தயார். நாள் பார்க்கவில்லை. நீ வருகிற நாள்தான் நாள். அந்தப் பெரியவருக்கும் சொல்லியிருக்கிறேன். அவருக்கு இடம் கொஞ்சம் தள்ளித்தான்.

அண்ணன்

கோயம்புத்தூர்
7.11.1995

அன்புள்ள அண்ணனுக்கும் நங்கையாவுக்கும்,

வாசலில் சாக்கைத் தொங்கவிட்டுத் தூங்குவது புத்திசாலித்தனம் அல்ல. மஞ்சள் கரையானுக்கு ஆகாது என்பதைத் தவிர எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையும் இல்லை. ஞாயிறன்று முதல் பஸ்ஸிலேயே வருகிறேன். மஞ்சளை நானே அரைத்து எடுத்து வருகிறேன்.

வாசலைப் பெரிதாகவே வையுங்கள். அடுத்து எதைச் செய்வீர்களோ தெரியாது.

நான் வரும்வரை விமானத்தைக் களத்திலிருந்து எடுக்க வேண்டாம். வந்ததும் முதலில் இன்ஜின்களை எண்ண வேண்டும்.

உங்கள்
கமலவேணி