பந்தய டாக்டரின் கேள்விகள்

ஜூலை 14, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். இருட்டிக்கொண்டு வந்த மழை எங்கள் ஜனக்புரியைத் தாண்டிப் போய்விட்டது. கல்லூரியில் அட்மிஷன் வேலை, மூன்று மணி வரை.

மாலை டிவியில் சைக்கிள் பந்தயம். மூன்று வாரம் தினமும் ஓட்டி, ஜெயித்தால் ஒரு மஞ்சள் பனியன். இதில் என்ன இருக்கிறதென்று இன்னும் புரியவில்லை. ஆனாலும் உட்கார்ந்து பார்க்கிறேன். ஸ்டென்ட் வைத்த பிறகு இவர் சைக்கிள் வாங்கி ஞாயிறுதோறும் விடியற்காலையில் கிளம்பிவிடுகிறார். எதில் இறங்கியிருக்கிறார் என்று தெரிய வேண்டாமா.

ஒரு வளைவில் பத்துப் பதினைந்து பேர் குவியலாக விழுந்தார்கள். "பார்த்தியா கீதா, உடனே எழுந்து போயிட்டான்!" இவருக்கு என்னவோ சொந்தப் பெருமை.

வாங்க வேண்டியது: தனியா, பல்பு, இவர் மாத்திரை (ரத்தம் உறையாமலிருக்க, ஐந்துதான் மிச்சம்).
இவருக்குத் தலைவலி, தைலம் கேட்டார். கண்ணாடிப் பவர் மாறியிருக்கும்.

ஜூலை 15, புதன்

மறுபடி புழுக்கம். குழாயில் தண்ணீர் அரை மணிதான்.

பந்தயத்தில் ஒருவன் தலை அடிபட விழுந்தான். எழுந்து சைக்கிளில் ஏறிவிட்டான். பின்னால் காரில் வந்த டாக்டர் நிறுத்தினார். ஏதோ கேள்விகள், கண்ணில் டார்ச். அப்புறம் ஹெல்மெட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் விரிசல். அவ்வளவுதான், காரில் ஏற்றிவிட்டார்கள். அழுதான்.

ஹெல்மெட் விரிசல் விட்டால் அடி தலைக்கும் போயிருக்கும், சில நாள் கழித்துக்கூடத் தெரியலாம் என்றார் வர்ணனையாளர். இவர் சேனல் மாற்றினார். நியூஸ் பார்க்கணுமாம். பந்தயம் முடியாமல் ரிமோட்டைத் தொடாத மனிதர்.

செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே இவர் ஹெல்மெட் மாட்டுகிற ஆணி காலி. ஞாயிறிலிருந்தே காலியோ?

ஜூலை 16, வியாழன்

மழை. ஆஸ்பத்திரி. கல்லூரி அட்மிஷன் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

மதியம் பரணில் பெட்டிக்குப் பின்னால் ஹெல்மெட். விரிசலில் நகம் நுழைகிறது. இவர் பந்தயத்தில் மலை ஏறும் நாளென்று அரை நாள் லீவு போட்டு டிவி முன்னால்.

"எப்போ விழுந்தீங்க?"

"விழல. சாஞ்சேன். பைக்ல வந்தவன் திடீர்னு திரும்பிட்டான்."

"தலை பட்டுதா?"

"லேசா. நாலு நாளாச்சு, நல்லாத்தானே இருக்கேன். சொன்னா நீ சைக்கிளை கபாடிக்குப் பழைய இரும்பா போட்டுடுவே."

அந்த மாத்திரை சாப்பிடுகிற தலை. உள்ளே ரத்தம் கசிந்தால் யாருக்குத் தெரியும்? கண்ணாடிப் பவர் என்று எழுதியவள் நான்.

"மலை ஏறி முடிக்கட்டும், போலாம்." டிவியை அணைத்தேன்.

ஆட்டோவில், "பையா, ஜல்தி." ஆட்டோக்காரர் திரும்பாமலே, "ஜல்தி தோ சப் கோ ஹை, மேடம்ஜி." அவசரம் எல்லாருக்கும்தானாம்.

அந்தப் பந்தய டாக்டர் மாதிரி இவரைக் கேட்டேன், "இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன், டாக்டரம்மா."

"முந்தாநாள் பந்தயத்துல ஜெயிச்சது?"

"இத்தாலிக்காரன்."

"நம்ம கல்யாண நாள்?"

அது இவருக்கு எப்போதுமே தெரியாது. கணக்கில் சேர்க்கவில்லை.

டூட்டி டாக்டர், சின்னப் பெண். ஹெல்மெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். வேறெதுவும் கேட்காமல் ஸ்கேன் எழுதினாள். "அங்கிள், வாட்ச், மோதிரம் எல்லாம் ஆன்ட்டிகிட்ட குடுத்துடுங்க."

ஸ்கேன் அறை வாசலில் இவரிடம் இன்னொன்று கேட்டேன். "கரோல் பாக்ல நம்ம முதல் வீடு எத்தனாவது மாடி?"

"மூணு."

இல்லை, இரண்டு. நான் படி ஏறிய வீடு, எனக்குத் தெரியாதா? தரைத் தளத்தையும் சேர்த்து எண்ணினாரா, இல்லை நினைவே தப்புகிறதா? கேட்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.