குளியலறையில் ஊதுபத்தி

அக்கா,

நேற்று ஒரு வாடகை வீட்டின் குளியலறையில் ஊதுபத்தி கொளுத்தினேன். ஓரிக்கைப் பக்கம் புதிதாகக் கட்டிய மாடிப் போர்ஷன். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன ஜோடி குடிவந்திருக்கிறது. கேஸ் கீசரை சர்வீஸ் செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பையிலிருந்து பத்தியை எடுத்ததும் அந்தப் பையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாண்ணா, பாத்ரூமுக்கும் பூஜையா?"

"ஆமாம்பா. கும்பிட்டுக்கோ" என்றேன்.

புகை நேராக மேலே போனது, சுவரின் உச்சியில் இருந்த வென்டிலேட்டரைத் தொட்டது, அங்கிருந்து வளைந்து எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. சின்ன அறை முழுக்கச் சந்தன வாசனை. உங்கள் பூஜை அலமாரியில் இருந்த அதே வாசனை. கையில் பத்தியோடு சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பையன் நான் உண்மையாகவே கும்பிடுவதாக நினைத்திருப்பான்.

உங்களைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். நீங்கள் கெட்டியான கை. பிள்ளையார்பாளையத்தில் உங்கள் வரிசை வீட்டில் ஐந்து போர்ஷன், ஐந்திலும் நெசவாளிகள். பல்பு எரியவில்லை என்று யாராவது வந்தால், "எரிய வெச்சது நீ, அணைஞ்சதும் உன்னுது" என்று திருப்பி அனுப்புவீர்கள். நான் சைக்கிள் கேரியரில் டேபிள் ஃபேன் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக விற்ற காலத்திலேயே என்னிடம் பேரம் பேசி என்னை வியர்க்க வைத்தவர் நீங்கள். பிறகு கடை வைத்தேன். கோடையில் கூலர், மழை முடிந்தால் கீசர், வருஷம் முழுக்க ரிப்பேர். என் முதல் நிரந்தர வாடிக்கையாளரும் நீங்கள்தான், என்னை அதிகம் திட்டிய வாடிக்கையாளரும் நீங்கள்தான்.

போர்ஷனுக்கு ஒரு சீலிங் ஃபேன் போட்டுவிட்டு அதைச் சொல்லி வாடகையை ஏற்றலாம் என்று ஒரு கோடையில் நீங்கள் கணக்குப் போட்டீர்கள். ஐந்து ஃபேனும் மாட்டினேன். ஒரு வீட்டில்கூட அது சுற்றவில்லை. தறிக்கு மேலே காற்று அடித்தால், நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டுப் பாவு இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும், அறுந்தும் போகும். நெசவாளி வேர்த்துக் கொட்டினாலும் பொறுத்துக்கொள்வார், காற்றைப் பொறுக்கமாட்டார். கூலர் வைக்கலாமா என்று கேட்டேன். ஈரக் காற்றில் ஜரிகை கறுத்துவிடும் என்று கதவைச் சாத்தினார்கள். நீங்கள் நடையில் நின்று தலையில் அடித்துக்கொண்டது இன்னும் கண்ணில் இருக்கிறது. "காத்து விக்கிறவன் நீ, காத்தே வேணான்றவங்க இவங்க. நடுவுல நான் மாட்டிக்கினேன் பாரு." எனக்கும் அது புதுப் பாடம். மற்ற ஊரில் காற்று வருகிற வீட்டுக்கு வாடகை கூடுதல். நம் ஊரில் தறி உள்ள வீட்டில் ஜன்னலை அடைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். அது தெரிந்திருந்தும், குளியலறை ஜன்னலுக்கும் தறிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது போர்ஷன் தறிக்காரரின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு மார்கழிக் குளிரில் வெந்நீர் வேண்டும். கரண்ட் கீசர் போட்டால் பொது மீட்டர், ஐந்து வீட்டிலும் சண்டை வரும் என்று நீங்கள் கேஸ் கீசர் போடச் சொன்னீர்கள். போட்டேன். குளியலறைச் சுவரின் உச்சியில் வென்டிலேட்டராக ஒரு சின்ன ஜன்னல் இருந்தது, அதை மூடக்கூடாது என்று சொல்லிவிட்டும் வந்தேன். தறிக்காரர் தலையாட்டினார். பிறகு ஒருமுறை பார்க்கப் போனபோது அவர் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டார். "பச்ச ஒடம்புக்காரி உள்ள இருக்கா. தீட்டு கழியட்டும், அப்பால வாப்பா." ஆம்பளை உள்ளே நுழைய முடியாத வீடு. திரும்பிவிட்டேன்.

அன்று காலை உங்கள் வீட்டு நடையில் உட்கார்ந்து மழையில் கெட்டுப்போன உங்கள் சொந்தக் கூலரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மோட்டாரை மாற்ற வேண்டும் என்கிறேன் நான், துடைத்துப் போட்டால் ஓடும் என்கிறீர்கள் நீங்கள். தறிக்காரர் மனைவி ஓடி வந்தார். "எக்கா, குளிக்கப் போனவ குரலே குடுக்கமாட்டேன்றா. தண்ணி ஓடிக்கினே இருக்குது."

நீங்கள் எழுந்த வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தகரக் கதவு. தட்டவில்லை, கூப்பிடவில்லை, தோளால் ஒரே இடி. தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது. அந்தப் பெண் சுவரோரம் சரிந்து கிடந்தாள். கீசரில் தீ நீலமாக எரிந்துகொண்டுதான் இருந்தது. "நீ திரும்பிக்கினு சிலிண்டர மூடு" என்று எனக்கு ஒரு அதட்டல். கொடியில் கிடந்த புடவையை உதறி அவள்மேல் போர்த்தி, அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் போட்டீர்கள். பனிக் காற்று பட்டது. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு இருமினாள். கண்ணைத் திறந்ததும் பிள்ளையைத்தான் கேட்டாள்.

மருத்துவமனையில் சொன்னார்கள், மூடிய அறையில் கேஸ் எரிந்தால் வாசனையே இல்லாத விஷம் சேரும், இன்னும் சற்று விட்டிருந்தால் தூக்கத்திலேயே போயிருப்பாள் என்று. அதற்குள் தெருவில் கீசர் வெடித்துவிட்டது என்று ஒரு கதை, காத்துக் கறுப்பு அடித்துவிட்டது, கழிப்பு கழிக்க வேண்டும் என்று இன்னொரு கதை. என் கடைப் பெயரும் அதில் அடிபட்டது. அன்று மாலையே இரண்டு வீட்டுக்காரர்கள் கீசரைக் கழற்றிப் போகச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். இனி நம் தெருக்களில் யாரும் என்னை உள்ளே விடமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் பார்த்தால், தறிக்காரர் கையில் ஒரு பழைய வேட்டிப் பந்து. வென்டிலேட்டரிலிருந்து உருவியது. "அந்த சன்னல் காத்து கதவுக்கு அடியில வந்து நேரா தறியில அடிக்குதும்மா. கல்யாணப் பொடவ ஏத்தியிருக்குறேன். அதான் அடச்சேன்."

நீங்கள் அவரைக் கிழித்துப் போடுவீர்கள் என்று எல்லாரும் காத்திருந்தோம். "பாவு அறுந்தா பிணைச்சிக்கலாம். இவ போயிருந்தா இன்னாத்தப் பிணைப்ப?" என்று மட்டும் கேட்டீர்கள். பிறகு உள்ளே போய் உங்கள் பூஜை அலமாரியிலிருந்து ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு வந்தீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, கீசருக்கு நேர் கீழே பத்தியைப் பிடித்தீர்கள். புகை வெளியே போகவில்லை. கொல்லைக் காற்று அதை உள்ளே தள்ளி, கதவுக்கு அடியில் விட்டு, கூடத்துக்கே அனுப்பியது.

"பாத்தியா? நீ சொன்ன மாதிரி தொறந்து வெச்சிருந்தாலும் இந்தக் கருமம் உள்ளதான் வந்திருக்கும். இவன அடைக்காதன்னு சொல்லிப் பிரயோஜனம் இல்ல. கீசரக் கொண்டுபோய் வெளிய கொல்லைச் சொவத்துல மாட்டு. தண்ணி மட்டும் உள்ள வரட்டும். இவன் சன்னல மூடிக்கினு நெய்யட்டும்."

அவளுக்கு உயிர், அவருக்குத் தறி, எனக்குத் தொழில். மூன்றையும் ஒரு பத்தியில் முடித்துவிட்டீர்கள். அன்று எனக்கு உங்கள்மேல் வந்தது மரியாதை மட்டுமில்லை, ஒரு வியாபாரிக்கு இன்னொரு வியாபாரிமேல் வருகிற பொறாமையும்தான்.

சுவரை யார் உடைப்பது, குழாய் யாருடையது என்று அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நாம் சண்டை போட்டோம். ஆனால் நாளைக்கு மற்றவர்களும் கீசர் கேட்பார்கள் என்று ஐந்து போர்ஷனிலும் பத்தி பிடித்துப் பார்த்த பிறகுதான் என்னை வீட்டுக்கு விட்டீர்கள். பெண்கள் மறைவில் இருக்கிற வீடுகளில் என்னை வெளியே நிறுத்திவிட்டு நீங்களே உள்ளே போனீர்கள். "பொக சாயுது தம்பி, வலப்பக்கம்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். வரவர என்னைவிட நன்றாகவே பார்த்தீர்கள். கீசரைக் கழற்றச் சொன்ன வீடுகளுக்கும் நீங்களே என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்தி பிடித்துக் காட்டினீர்கள். அதில் ஒருவர் பின்னாளில் என்னிடம் ஏசி வாங்கினார்.

நீங்கள் போன அன்று அந்தப் பெண் வந்திருந்தாள். கூடவே அவளைவிட உயரமாக வளர்ந்த மகன். என்னைக் காட்டி, "இவருதான்டா கீசர் அண்ணன்" என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டியதும் இல்லை. உங்கள் தலைமாட்டில் கட்டாகப் பத்தி எரிந்துகொண்டிருந்தது. புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று என் கண் தானாகப் பார்த்தது. வாசல் பக்கம்தான் சாய்ந்தது. நல்ல காற்றோட்டம்.

நேற்று அந்தப் பையனுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. புகை திரும்பி வந்ததை மட்டும் காட்டி, கீசர் விஷமும் இப்படித்தான் திரும்பி வரும் என்றேன். அவன் சிரிப்பு நின்றது. மனைவியைக் கூப்பிட்டு அவளுக்கும் காட்டினான். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். வெளிச் சுவரில் மாற்றினால்தான் கை வைப்பேன், இல்லையென்றால் கழற்றிவிட்டுப் போகிறேன் என்றேன். கொஞ்சம் முனகினார். பிறகு உங்கள் வீட்டு நடையில் நாம் பேசி முடித்ததை அப்படியே அவரிடமும் பேசி முடித்தேன். சுவரும் குழாயும் வீட்டுக்காரருடையது. சிலிண்டர் குடியிருப்பவருடையது. குளிர் தொடங்குமுன் ஒருமுறை நான் வந்து பார்ப்பேன், அந்தச் சமயத்தில் நான் உள்ளே போக முடியாத வீடாக இருந்தால் அந்த வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தர் பத்தி பிடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஊதுபத்திச் செலவு என்னுடையது.