பின் சீட்டுக்கு ஏற்ற டயர்

18 அக்டோபர், திங்கள்

காலையிலிருந்தே மூட்டம். பிரிக்பீல்ட்ஸ் முழுக்கக் காயாத துணி நாற்றம். வேலைக்குக் கிளம்பும்போது குனிந்து பின் டயரைத் தடவினேன். மொட்டை. இடது பக்கத்தில் உள் ஓரம் கம்பியே தெரிகிறது. இதை வைத்துக்கொண்டு தினமும் ஃபெடரல் நெடுஞ்சாலையில் பறந்திருக்கிறேன். புத்தி கெட்டவன்.

செய்ய வேண்டியவை: நாலு டயர். வைப்பர் ரப்பர். அக்காவுக்கு முழங்கால் தைலம். அம்மாவின் மாசியத்துக்கு, மாதத் திதிக்கு, ஐயரிடம் சொல்ல.

எந்த டயர் என்பதுதான் கேள்வி. இரண்டு கதவு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். முன் விளக்கு எழும்பி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் பொம்மை என்று ஆபீஸில் நினைப்பு. எனக்கு அதுதான் ஆபீஸ் வண்டி, மார்க்கெட் வண்டி, கோயில் வண்டி எல்லாம்.

மாலை தேவிகாவைக் கிள்ளானில் விட்டேன். வழக்கம்போல் பின் சீட்டு.

20 அக்டோபர், புதன்

வெயில், பிறகு மழை. அந்தப் பின் சீட்டைப் பற்றி எங்கேயாவது எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

தேவிகா எங்கள் பெட்டாலிங் ஜெயா ஆபீஸில் கணக்குப் பிரிவு. தினமும் அண்ணன் வந்து கூட்டிப்போவார். அவருக்கு ஜொகூருக்கு வேலை மாறியது. அவள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, நான் தினமும் மாலை மேரு கிடங்குக்குப் போகிறேன், கிள்ளான் வழியில்தானே என்றேன். பச்சைப் பொய். மேருவுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் போக வேண்டும். மற்ற நாளெல்லாம் அவளை விட்டுவிட்டு, வந்த வழியே வெறும் காரை ஓட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் திரும்புகிறேன்.

முதல் நாள் அவள் அம்மா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு காரையும் என்னையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு தீர்ப்பு: “பின்னால உட்காந்து வரட்டும் தம்பி. கல்யாணம் ஆவாத புள்ள. பாக்கறவன் வாய் சும்மா இருக்காது.”

அவள் அம்மாவுக்குத் தெரியாது, இந்தக் காரில் பின் சீட்டு என்பது பேருக்குத்தான் என்று. முன் சீட்டை மடக்கி, சேலையை இடுக்கிக்கொண்டு, நுழைந்து, கழுத்தைச் சாய்த்து உட்கார வேண்டும். முன் சீட்டில் அவள் கைப்பையும் குடையும் ராஜா மாதிரி வரும். கண்ணாடியில் எனக்குத் தெரிவது நெற்றியும் பொட்டும் மட்டும்.

முன்னால் உட்கார் என்று சொல்ல நான் யார். என் அம்மா தவறியது ஜனவரியில். ஆட்டைத் திவசம், வருஷத் திதி, முடியும்வரை இந்த வீட்டில் நல்ல காரியம் பேசக் கூடாது. பேச்சே எடுக்க முடியாதபோது முன் சீட்டு என்ன, பின் சீட்டு என்ன.

24 அக்டோபர், ஞாயிறு

சுபாங் ஜெயாவில் காலை ரொட்டி சானாய். நண்பன் சேகர், மற்ற கார் பைத்தியங்கள். சேகரிடமும் என்னுடையதைப் போலவே கார், நிறம்தான் வேறு. டயர் என்று வாயைத் திறந்தேன், தேநீர் ஆறிப்போகும்வரை ஆளுக்கு ஒரு பிரசங்கம்.

குறிப்பு:
ஜப்பான்: மெத்தென்ற ரப்பர். வளைவில் பசை போட்டதுபோல் ஒட்டும். சீக்கிரம் தேயும். இரைச்சல்.
இத்தாலி: பார்க்க அழகு. மழையில் ஒருவன் நல்லது என்கிறான், ஒருவன் தலையில் அடித்துக்கொள்கிறான்.
ஜெர்மன்: மழைக்கு நம்பலாம். சத்தமில்லை. விலையைக் கேட்டால் நமக்குச் சத்தம் வராது.

லண்டன் கார் பத்திரிகை ஒன்றையும் புரட்டினேன். ‘சம்மர் டயர்’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பனிக்கு வேறு, கோடைக்கு வேறாம். நமக்கு வருஷம் பூரா சம்மர்தான், சாயங்காலம் மட்டும் வெள்ளம். கொதிக்கிற தாரிலும் பிடிக்க வேண்டும், அடுத்த நிமிஷம் ஆறாக ஓடும் ரோட்டிலும் பிடிக்க வேண்டும். அதற்கு அந்தப் பத்திரிகையில் ஒரு பத்தி இல்லை.

சேகர் ஜப்பான்தான் என்று ஒரே பிடி. மலை ரோட்டில் ஏறினால் அப்புறம் சொல்லுவே என்றான். நான் மலை ஏறி எத்தனை நாளாகிறது. எனக்குத் தெரிந்த ஒரே ரோடு கிள்ளான் ரோடு.

29 அக்டோபர், வெள்ளி

பேய் மழை.

ஐந்தரை மணி. சுபாங் தாண்டியதும் வானம் பொத்துக்கொண்டது. முன்னால் லோரி, இரண்டு பக்கமும் தண்ணீரை வாரி அடிக்கிறது. ஒதுங்கி முந்தப் பார்த்தேன். ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிவிட்டது. டயருக்கும் ரோட்டுக்கும் சம்பந்தமில்லை. பின்பக்கம் மெல்ல வலப்புறம் நகர்கிறது. பிரேக்கைத் தொடவில்லை, அந்த மட்டுக்கு அறிவு இருந்தது. தானாகப் பிடித்துக்கொண்டது.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. “மெதுவாப் போங்க குணா” என்றாள். கத்தவில்லை. கோபமும் இல்லை.

கையை உடனே எடுக்கவில்லை. டோல் சாவடி வரும்வரை அங்கேயே இருந்தது. நான் அசையவில்லை. கேட்டில் அவள் அம்மா கொல்லை மரத்துக் கறிவேப்பிலை ஒரு பை கொடுத்தார். உங்கள் மகளைக் கொல்லப் பார்த்தேன், நீங்கள் கறிவேப்பிலை தருகிறீர்கள்.

இத்தனை வயதுக்கு, ஒரு தோளில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இனி ஒரு நாள்கூட இந்த டயரில் அவளை ஏற்றக் கூடாது. திங்கள் முதல் உதிரி டயரையும், சேகர் கழற்றிப் போட்ட பழசில் ஒன்றையும் பின்னால் மாட்டி ஓட்டுவது. நல்லதாகப் பார்த்து வாங்கும்வரை.

31 அக்டோபர், ஞாயிறு

தூறல். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டயர் வாங்கப் போகிறேன் என்றேன். கை நின்றது.

“டயரும் புதுசுதானே? திவசம் முடியுமட்டும் வீட்டுக்குப் புதுசு ஒண்டும் எடுக்கக் கூடாது எண்டு தெரியாதே உனக்கு?”

டயர் வீட்டுக்குள் வராது, வெளியேதான் நிற்கும் என்றேன். அப்படியென்றால் செருப்பும் வெளியேதான் நிற்கும், அது புதுசில்லையா என்றாள். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள். கடைசியில், மழையில் வழுக்கிய கதையைச் சொன்னேன். முகம் மாறியது. ஒரு வருஷத்தில் இன்னொரு சாவீடு இந்த வீடு தாங்காது, வாங்கு, ஆனால் கோயிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தாள்.

பிறகு, காரில் வேறு யார் இருந்தது என்று கேட்டாள். வழுக்கியது கிள்ளான் பக்கம் என்று உளறியிருந்தேன். சொல்லிவிட்டேன். எல்லாம் இல்லை. பெயர், வேலை, தகப்பன் ரயில்வேயில் இருந்தவர்.

“எங்கட ஆக்களோ?”

இலங்கை வழிக்காரர் இல்லை என்றேன். மிச்சக் கீரையையும் ஆய்ந்து முடித்தாள். பிறகு, “திவசம் முடியட்டும். நானே போய்க் கதைக்கிறன்” என்றாள்.

நானே போய்! அக்கா வாயிலிருந்து! தை பிறக்கட்டும்.

7 நவம்பர், ஞாயிறு

இன்று செய்த கோமாளித்தனம்: சேகர் காரின் பின் சீட்டில் நானே ஏறி உட்கார்ந்தேன். அவன் வண்டியில் இப்போது ஜப்பான் டயர். ஷா ஆலம் வரை போய் வந்தோம். முழங்கால் மோவாயில் இடிக்கிறது. பின் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. இரைச்சல் மண்டைக்குள் குடைகிறது. சேகர் முன்னாலிருந்து என்னவோ சொன்னான், ஒரு சொல் விளங்கவில்லை.

இவ்வளவு நாள் இதிலா வந்தாள். ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வருவாள், களைப்பில் தூங்குகிறாள் என்று நினைத்து நான் ரேடியோவைக்கூடக் குறைத்து வைப்பேன். அந்த இரைச்சலில் வேறு என்ன செய்ய முடியும்.

பிறகு சேகரின் கூட்டாளி வண்டி, ஜெர்மன் டயர். அதிலும் பின்னால் ஏறினேன். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் முன்னால் பேசுவது கேட்டது.

திரும்பும்போது சேகர் சிரிக்காமல் சொன்னான்: “மச்சான், ஓட்டறவன் டயர் வாங்குவான், பாத்திருக்கேன். பின் சீட்டுக்காக எவனும் வாங்கி நான் பாக்கல. அவகிட்ட சொல்லிடு லா.”

எங்கள் வீட்டு வழக்கத்தை விளக்கினேன். அவனுக்குப் புரியவில்லை. பெண் கேட்கவா சொன்னேன், வெயிட் பண்ணுன்னு சொல்லு, அது போதும் என்றான். அதுவும் பேச்சு எடுப்பதுதானே. அம்மாவுக்குச் செய்யும் ஒரு வருஷத்தை அரைகுறையாகச் செய்ய மனசு வரவில்லை.

13 நவம்பர், சனி

தீபாவளி. எங்களுக்கு இல்லை. அடுப்பில் சோறு, பருப்பு, ஒரு கறி. அக்கா வெள்ளைச் சேலையில் படுத்திருந்தாள். தெரு முழுக்க வெடிச் சத்தம், நெய் வாசனை.

தேவிகா வியாழனே கூப்பிட்டிருந்தாள், வீட்டில் ஓபன் ஹவுஸ் விருந்து, ஆபீஸில் எல்லோரும் வருகிறார்கள் என்று. துக்க வருஷம், பண்டிகை வீட்டுக்கு வரக் கூடாது என்றேன். சரி என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, கேட்டுக்கு வெளியே நின்றாலும் கூடாதா என்றாள். கூடாது என்றேன். ஏன்டா அப்படிச் சொன்னாய், மடையா. கேட்டுக்கு வெளியே என்று எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது.

சாயங்காலம் காரை எடுத்து நெடுஞ்சாலை தொடங்கும் இடம்வரை போய்த் திரும்பி வந்தேன். என்ன உடுத்தியிருப்பாள்.

18 நவம்பர், வியாழன்

லீவு போட்டேன். பெட்டாலிங் ஜெயா பழைய டவுன் டயர் கடை. சீன டவுக்கே, கடை முதலாளி, வாயில் சிகரெட், கையில் அளவுகோல். ஜெர்மன் டயர் என்றதும் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாஸ், இந்த வண்டிக்கு எல்லாரும் ஜப்பான்தான் போடுவாங்க என்று மலாயில் சொன்னார். பின்னால் ஆள் உட்கார்ந்து வருகிறார்கள் என்றேன். பின் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, குழந்தையா என்று கேட்டார்.

நாலும் மாட்டி, பேலன்ஸ், அலைன்மென்ட். பூசை இல்லை, எலுமிச்சை இல்லை. புது ரப்பர் வாசனை கையிலிருந்து போகவில்லை. கழுவவும் இல்லை.

19 நவம்பர், வெள்ளி

மழை, நல்ல மழை. மனசுக்குள் வேண்டிக்கொண்டேன், பெய்யட்டும் என்று. தண்ணீரை வெட்டிக்கொண்டு போகிறது. ஸ்டியரிங் கையில் கனமாக, நம்பிக்கையாக.

பின்னால் இரைச்சல் இல்லை. பிறகு மெல்ல, சாதாரணக் குரலில்: “இப்ப பேசுனா கேக்குதா?”

கேட்கிறது என்றேன். கிள்ளான் பாலம்வரை பேசினாள். கணக்கு மேனேஜர், பல் வலி, பக்கத்து வீட்டு நாய், அண்ணன் போனே செய்வதில்லை. இத்தனை மாசம் சேர்த்து வைத்தவள்போல். ஒரு வார்த்தை தவறாமல் கேட்டேன். இந்த டயரைக் கண்டுபிடித்தவன் நன்றாயிருக்க வேண்டும்.

24 நவம்பர், புதன்

வெயில். டோல் தாண்டியதும் கேட்டாள், உங்கள் அம்மா வருஷம் எப்போது முடிகிறது என்று. தை மாசம் என்றேன்.

“அதுக்கப்புறம் என்ன செய்யப் போறீங்க?”

கண்ணாடியில் பார்த்தேன். இன்றைக்கு நெற்றி மட்டுமல்ல, கண்ணும் தெரிந்தது. சொல்லியிருக்கலாம். காத்திரு என்று ஒரு சொல். நாக்கு நுனிவரை வந்தது. அம்மா முகமும் வந்தது.

“டயர இடம் மாத்தணும். முன்னது பின்னால, பின்னது முன்னால” என்றேன்.

சிரித்தாள். நானும் சிரித்தேன். அட, புரிந்துகொண்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இன்னும் இரண்டு மாசம்தானே.

29 நவம்பர், திங்கள்

பகல் முழுக்க வெயில். மழை வரும்போல் இருந்து வரவில்லை.

ஆபீஸ் வாசலில் காரை நிறுத்தி, வழக்கம்போல் இறங்கி, இடது கதவைத் திறந்து, முன் சீட்டை மடக்கப் போனேன். வேண்டாம் என்றாள். அப்படியே முன்னால் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். பெல்ட் எங்கே என்று தேடினாள். எடுத்துக் கொடுத்தேன்.

எனக்கு நெஞ்சு அடித்த அடியில் கியர் எங்கே இருக்கிறதென்று மறந்துவிட்டது. கடவுளே, அவள் அம்மா சம்மதித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

நெடுஞ்சாலை ஏறியபின் சொன்னாள். தீபாவளிக்கு வந்திருந்த குடும்பமாம், காப்பாரில் இருக்கிறார்கள். நேற்று வந்து தட்டு மாற்றிவிட்டுப் போனார்கள். தையில் கல்யாணம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். யாரோடு வேலையிலிருந்து வருகிறாய் என்று கேட்டிருக்கிறார், சொல்லியிருக்கிறாள். அந்தக் காரில் பின்னால் உட்கார்ந்து எதற்குக் கழுத்தை ஒடித்துக்கொள்கிறாய், முன்னால் உட்கார், யார் என்ன சொன்னால் எனக்கென்ன என்றாராம். அவள் அம்மாவும் சரி என்றாராம். இனிமேல் ஊர் வாய்க்குப் பயமில்லை.

நல்ல மனிதர்போல் இருக்கிறது என்றேன். நல்லவர்தான் என்றாள்.

வாழ்த்துச் சொன்னேனா, நினைவில்லை. வலது காலை ஒரே அளவில் வைத்திருந்தேன், அது நினைவிருக்கிறது. கார் முழுக்க நிசப்தம். ஜப்பான் டயர் போட்டிருக்கலாம்.

டோல் தெரிய ஆரம்பித்தபோது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “முன்னால உட்காருன்னு நீங்க ஏன் ஒரு தடவகூடச் சொல்லல?”

முன்னால் ஒரு பஸ். அது நகர்ந்தது. கண்ணாடியை இறக்கிச் சில்லறையை நீட்டினேன். டோல்காரர் ‘தெரிமா காசே’ என்று மலாயில் நன்றி சொன்னார்.