தும்பாங் கேட்காதவள்

அடி கெட்டிக்காரி,

என் மகன் புதுக் கார் எடுத்துவிட்டான். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. கழற்றினால் புதுசு போய்விடுமாம். நேற்று கோயிலில் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டி, என்னை முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார்கள். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் வாடையும் கண்ணாடியில் தொங்கிய வாசனை அட்டையும் கலந்து ஒரு நாற்றம். பூச்சோங் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் எனக்குக் குடலைப் பிரட்டிவிட்டது. பையைத் துழாவினேன், அசாம்போய் பொட்டலம் அகப்பட்டது. உப்பும் புளிப்புமான அந்தக் காய்ந்த பழத்தை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் எனக்குத் தலை சுற்றும்போதெல்லாம் நீ எடுத்து நீட்டுவாயே, அதே சரக்குதான்.

"என்னா அத்தை, கார் பிடிக்கலையா?" என்றாள் மருமகள்.

"கார் நல்லாத்தாம்மா இருக்கு. வயிறுதான் சரியில்ல" என்றேன். பொய். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்குக் கார் என்றாலே இப்போது அருவருப்பாக இருக்கிறது. உன்னை எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து அப்படித்தான்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் நாம் பக்கத்துப் பக்கத்து வாசலில் இருந்த காலத்தில் யாரிடம் கார் இருந்தது? உன் அண்ணன் சைக்கிளில் ரயில் பட்டறைக்குப் போவார். நான் ஆபீசில் டைப் அடிக்கப் போவேன். நீ புடவைக் கடையின் பின்கட்டில் ரவிக்கை தைக்கப் போவாய். உன் கையால் தைத்த ரவிக்கை வேண்டுமென்று கல்யாணப் பெண்கள் காத்துக் கிடந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமையானால் கிள்ளானில் புடவை மலிவு என்று இருவரும் பஸ் ஏறிவிடுவோம். திரும்பி வந்து மினி பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் "மாசோக் டாலாம், மாசோக் டாலாம்" என்று கத்தி, ஏற்கெனவே நசுங்கியிருப்பவர்களை இன்னும் உள்ளே தள்ளுவான். வேர்வை, கூந்தல் எண்ணெய், யாரோ வாங்கிப் போகும் கருவாடு. அந்த பஸ்ஸை நான் புகழ மாட்டேன். அதுவும் ஒரு நரகம்தான். ஆனால் நினைத்தபோது ஏறி, நினைத்த இடத்தில் இறங்கினோம். யாருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

பிறகு எல்லோருக்கும் வீட்டு ஆசை வந்தது. ஈயம் தோண்டிய குட்டையைத் தூர்த்த மண்ணில் தாமான் என்று வரிசை வரிசையாக வீடு கட்டினார்கள், நாமும் வந்தோம். நான் புருஷன் பிள்ளையோடு, நீ உன் அண்ணன் குடும்பத்தோடு, இங்கேயும் ஒரே வரிசையில். வீடு என்னவோ வீடுதான். கடை இல்லை, கோயில் இல்லை, பஸ் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. அரசாங்க வேலைக்காரனுக்குக் கார் லோன் மட்டும் கேட்டவுடன் கிடைத்தது. பட்டறைக்குச் சைக்கிள் மிதித்த உன் அண்ணன், தெருமுனையில் பேப்பர் வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போனார். நீ வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பாவம், எங்கண்ணனுக்குக் கால் போச்சு போல" என்றாய். அண்ணி இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

அந்தத் தாமானில்தான் எனக்கு அந்தச் சொல்லின் மேல் வெறுப்பு வந்தது. தும்பாங். அடுத்தவன் காரில் தொற்றிக்கொண்டு போவதற்கு நாம் மலாயிலிருந்து எடுத்துக்கொண்ட சொல். முன்பெல்லாம் எப்போதாவது காதில் விழும். இங்கே வந்தபின் பெண்களின் வாயில் அது மாறாத மந்திரமாகிவிட்டது. கிளினிக் போகத் தும்பாங், சந்தைக்குத் தும்பாங், சாவு வீட்டுக்குத் தும்பாங். நானும் கேட்டேன். நீ ஒருத்திதான் கேட்கவே மாட்டேன் என்று நின்றாய். "காலு நம்மளோடது, பஸ்ஸு எல்லாரோடதும். காரு மட்டுந்தான் அவனோடது. நான் ஏண்டி அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கணும்?" என்பாய். டவுனுக்குப் போகும் பஸ் பெரிய ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்றது. ரோட்டைக் கடந்து, பஸ் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் போய்த் தைத்துவிட்டு வந்தாய்.

அந்த ரோட்டைத்தான் அகலப்படுத்தினார்கள். நடுவில் ஆள் உயரத்துக்குக் கம்பி வேலி. கார்கள் யூ டர்ன் அடிக்க ஓர் இடத்தில் வேலியைத் திறந்து விட்டவர்கள், மனுஷி கடக்க ஓரடி விடவில்லை. அரை மைல் தள்ளி ஒரு மேம்பாலம், செங்குத்தாகப் படிகள். கார்க்காரன் ஏர்கான் குளிரில் உட்கார்ந்தபடி போவான், அவன் பிரேக்கை மிதிக்கக் கூடாது என்பதற்காக முட்டி தேய்ந்தவள் ஏறி இறங்க வேண்டும். இதற்குப் பெயர் முன்னேற்றம். தூ!

நீ அந்த யூ டர்ன் வழியில் கடக்கப் பார்த்தாய். நானும் பக்கத்தில் நின்றேன். ஒருவனும் நிற்கவில்லை. ஒருவன் மட்டும் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்கினான். நம் ஆள்தான், உள்ளே பிள்ளையார் படம் தொங்கியது. "ஆன்டி, சாவுறதுக்கு வேற எடம் கெடைக்கலையா?" என்று கத்திவிட்டுப் போனான். உன் கை என் கையைப் பிடித்திருந்தது. அவன் கார் மறையும்வரை நீ விடவில்லை.

நம் தொகுதி சட்டமன்றக்காரர், ஒய்.பி. என்று கூப்பிட்டுக் கும்பிடுவோமே அவர், ரோட்டைத் திறந்து வைக்க வந்தார். நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், ஒரு சிக்னல் விளக்காவது போடச் சொல்லிக் கேட்டாய். அவர் சிரித்தார். "அதுக்கு என்னா ஆன்டி, ஜாம் ஆயிடும்லா. வீட்ல கார் இருக்குதானே? தும்பாங் கேளுங்க."

"சரி ஒய்.பி., உங்ககிட்டயே கேக்குறேன். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வேலைக்குப் போகணும். வரீங்களா?"

கூட்டம் சிரித்தது. அவரும் வேறு வழியில்லாமல் "வரேன், வரேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மறுநாள் நீ சேலை கட்டி, சாப்பாட்டு அடுக்கோடு கேட் முன்னால் நின்றாய். போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும், "ஒய்.பி. வரேன்னு சொல்லியிருக்காரு, பாத்தீங்களா?" என்று கேட்டாய். பகல் வரைக்கும் நின்றாயே படுபாவி, நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் போனேன். சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தபோது நீ தையல் மெஷினின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தாய். நான் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன்.

அப்புறம் வேலை போயிற்று. போகாமல் என்ன செய்யும்? வீட்டில் தைக்கிறேன் என்றாய், இந்தக் காட்டுக்கு யார் ரவிக்கைத் துணி எடுத்து வருவார்கள்? கடைசியில் உன்னையும் ஒருமுறை தும்பாங் கேட்க வைத்தார்கள். வெள்ளிக்கிழமை, கோயில். அண்ணன் "ரெடியா இரு, வரேன்" என்றார். நீ அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாய். அவர் நண்பர்களோடு எங்கோ போய்விட்டு வந்து சேர்ந்தபோது தட்டிலிருந்த வெற்றிலை சுருண்டுவிட்டது. "மறந்துட்டேன்லா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நல்லவனைக்கூட ஒரு சாவிக்கொத்து எஜமானாக்கிவிடுகிறது. அதன்பிறகு நீ யாரிடமும் கேட்கவில்லை, எங்கேயும் போகவுமில்லை. நீ போனதற்கு நெஞ்சுவலி என்று டாக்டர் எழுதினார். ரோடு என்று நான் சொன்னால் சிரிப்பார்.

உன் சாவுக்கு வந்த கார்களைப் பார்த்திருக்க வேண்டுமே! உயிரோடு இருந்தபோது உன் வீட்டுப் பக்கம் டயர் பதிக்காதவனெல்லாம் வந்திருந்தான். தெருவின் இரண்டு பக்கமும் கார், அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை கார். ஓதுவார் தேவாரம் பாடிக்கொண்டிருக்க, நடுநடுவே ஒருவன் மைக்கைப் பிடுங்கிக் கார் நம்பரைப் படித்து, "ஓனர் வந்து காரை எடுங்க, வேன் உள்ள வர முடியல" என்று கெஞ்சினான். ஒருவரும் அசையவில்லை. நான்கு பேர் சேர்ந்து ஒரு காரைத் தள்ளிப் பார்த்தார்கள், அது அலாரம் போட்டு ஊளையிட்டது. நெய்ப்பந்தம் பிடித்த பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். உன் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்குகிறாய் என்றே எனக்குத் தோன்றியது.

சவ வேன் சுற்றிப் பார்த்து இடம் கிடைக்காமல், பெரிய ரோட்டின் எதிர்ப்பக்கம், நம் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றுகொண்டது. வேறு வழியில்லை, உன்னைத் தோளில் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பார்கள். நான் நிற்கவில்லை, ரோட்டோரம் வரைக்கும் வந்தேன். முன்னால் போனவன் அந்த யூ டர்ன் இடத்தில் இறங்கி ஒரு கையைத் தூக்கினான். அவ்வளவுதான். எல்லாக் கார்களும் நின்றன. லோரிக்காரன் தொப்பியைக் கழற்றினான். யாரோ ரேடியோவை அணைத்தார்கள். ஒருவனும் ஹார்ன் அடிக்கவில்லை. நீ மெதுவாக, ராணி மாதிரி, அந்த ரோட்டைக் கடந்து போனாய்.

எனக்கு அழுகை வரவில்லை, வாந்தி வந்தது. ரோட்டோரச் சாக்கடையில் குனிந்து நின்றேன். எல்லோரும் துக்கம் என்று நினைத்துக்கொண்டு முதுகைத் தடவினார்கள். நிற்கத் தெரிந்திருக்கிறதே இவர்களுக்கு! அன்றைக்கு முடிந்தது ஏன் முன்பு முடியவில்லை என்று யாரைக் கேட்பது?

பட்டணத்தில் இப்போது தூண் மேல் ரயில் ஓடுகிறது, தெரியுமா? நம் பக்கம் வரவில்லை. நம் பக்கம் இன்னொரு ரோடு போடப்போகிறார்களாம்.

இன்றைக்குக் காலையில் பல் டாக்டரிடம் போகக் கிளம்பினேன். மகன் சாவியை ஆட்டிக்கொண்டே, "தும்பாங் வேணுமாம்மா?" என்றான். அன்பாகத்தான் கேட்டான். வேண்டாம் என்று சொல்லி, வாயில் ஓர் அசாம்போயை அடக்கிக்கொண்டு, நடந்து போய் அந்த யூ டர்ன் இடத்தில் இறங்கினேன். அன்றைக்கு உனக்கு முன்னால் போனவன் தூக்கியது போலவே கையைத் தூக்கினேன். பிரேக் கிறீச்சிட்டது. நின்றார்கள். ஒருவன் ஹார்னை அழுத்திக்கொண்டே கண்ணாடியை இறக்கி, "ஆன்டி, கண்ணு தெரியலையா?" என்று கத்தினான்.

கையை இறக்காமல் அவன் பக்கம் திரும்பிச் சொன்னேன்: "பொணத்துக்கு நின்னீங்கல்ல? உசிரோட இருக்கிறவளுக்கும் நில்லுங்கடா!"