துடைத்துவிட்ட மருந்துப் பொட்டு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், அவருடைய முழங்கால் வலி அப்படியேதான், நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். கரப்பான் தொல்லை தீர்ந்ததா என்று கேட்டிருந்தாய். தீர்ந்தது, ஆனால் பக்கத்து வீட்டுத் தையல்காரி காலி செய்துகொண்டு போய்விட்டாள். எல்லாம் என் வாயால் வந்த வினை.

பூச்சி மருந்துக்காரர் சிங்குக்கு அடியிலும் அலமாரி மூலையிலும் களிம்பு மாதிரி ஒன்றைப் பொட்டுப் பொட்டாக வைத்துவிட்டு, இதைத் தொடாதீங்கம்மா, ஸ்பிரேயும் அடிக்காதீங்க, ஒண்ணு தின்னுட்டுப் போய்ச் செத்தா அதைத் தின்னு மத்ததும் சாகும் என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் கேட்டேனா? பழுப்பாக ஒரு பொட்டைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா, சோப்புத் தண்ணீர் போட்டு மினுக்கத் துடைத்துவிட்டேன். பிறகும் ஓடினவற்றின் மேல் ஸ்பிரே அடித்தேன், பாதி சாகாமல் குழாய்ச் சந்து வழியாகத் தையல்காரியின் அடுக்களைக்குள் புகுந்துகொண்டன, அது அப்போது எனக்குத் தெரியாது. அவள் வந்து, அக்கா, திடீர்னு ஒரே கரப்பான், பாப்பாவுக்கு மூச்சு இழுப்பு ஜாஸ்தியாயிடுச்சு, உங்க வீட்லயும் இருக்கா என்று கேட்டாள். அதற்கு நான், என் வீட்ல தரையிலயே சோறு போட்டுச் சாப்பிடலாம், நீ குவிச்சு வச்சிருக்கிற துணிக் கந்தல்லதான் அடையுது என்று மாடிப்படியில் நாலு பேர் காதுபடச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு அவளைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

அவள் போன பிறகும் நம் வீட்டில் ஓடியதே! மருந்துக்காரர் திரும்ப வந்து ஃபிரிட்ஜின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். ஐயோ, மோட்டார் சூட்டில் குடும்பம் குடும்பமாக, சிலது முட்டைக்கூட்டை வால்பக்கம் தூக்கிக்கொண்டு! இங்கேயிருந்துதாம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கு என்றார். அவர் மறுபடி வைத்த பொட்டை இந்தத் தடவை நான் தொடவில்லை, அதோடு தொல்லை தீர்ந்தது. அன்றே வீட்டுக்காரரிடம் போய் உண்மையைச் சொன்னேன், அதற்குள் அவர் வேறு ஆளைக் குடிவைத்துவிட்டார். அப்பா குளியலறையில் விழுந்த அன்று நம் மாற்றுச் சாவியால் திறந்துகொண்டு ஓடிவந்தவள் அவள்தானே. போகும்போது அதை என் கையில்கூடத் தரவில்லை, கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போனாள்.

நீ அங்கே அட்டைப்பெட்டிகளைச் சேர்த்து வைக்காதே, சிங்கை ஈரமாக விடாதே. இருவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக வாழ வேண்டும். மறக்காமல் அவளைக் கூப்பிடு, நான் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். பாப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று முதலில் கேள், அப்புறம் கரப்பான் எங்கள் வீட்டதுதான் என்று அம்மா சொல்லச் சொன்னாள் என்று சொல். சாவியைப் புதிதாக வந்தவர்களிடம் கொடுத்து வைக்கலாம் என்கிறார் அப்பா. எனக்கு மனசு வரவில்லை.

உன் அம்மா