வாளியில் விழுந்த கட்டை

ஜனவரி 14, செவ்வாய்

மைனஸ் பதினெட்டு. கார் கிளம்பவே மூன்று முறை முரண்டு பிடித்தது. டெல்லா வீட்டுக்குப் போகத் தாமதம்.

குழந்தைக்கு இரண்டேகால் வயது. காது மந்தம்; ஆகஸ்டிலிருந்து இரண்டு காதிலும் கேட்கும் மெஷின். வாரம் ஒருமுறை போய்க் கேட்கப் பழக்குகிறேன். துணி கட்டிய வளையத்தால் என் வாயை மறைத்துக்கொண்டு 'ஆ', 'ஷ்' என்று ஆறு சத்தம் கொடுப்பேன். கேட்டதும், கன்னத்தோடு வைத்திருக்கும் சின்ன மரக்கட்டையை வாளியில் போட வேண்டும். இன்றும் டொக் டொக்கென்று போட்டாள். அம்மா மார்னிக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்பா கர்ட் இரும்புத்தாதுக் கப்பலில் வேலை. ஏரி உறைந்துவிட்டதால் மார்ச் வரை வீட்டில்தான். பின்னால் நின்று அவளை நாலு தடவை கூப்பிட்டார். அசையவில்லை.

"உங்க சத்தத்துக்கெல்லாம் கட்டையப் போடுறா. நான் கூப்பிட்டா மட்டும் கல்லு மாதிரி உக்காந்திருக்கா."

"பத்து மாசமா வீட்டுல இல்லாத குரல், கர்ட். பழகட்டும்."

"அப்ப நான் விருந்தாளி" என்று சிரித்துவிட்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ?

ஜனவரி 17

கிளினிக்கிலிருந்து போன். 31ஆம் தேதிக்குள் டெல்லாவைப் பற்றி என் அறிக்கை வேண்டுமாம். சோதனை அறைக்குள் நுழைந்தாலே அவள் அழுது தீர்த்துவிடுகிறாள், அதனால் என் குறிப்புகள்தான் அவர்களுக்கு ஆதாரம். மெஷினே போதும் என்று நான் எழுதினால் உள்காதுக் கருவிக்கான ஆபரேஷன் பேச்சு செப்டம்பருக்குத் தள்ளிப்போகும்.

ஆறு சத்தமும் கேட்கிறது என்று ஐந்து மாதமாக எழுதியிருக்கிறேன். பிறகு ஏன் அறிக்கையின் முதல் வரியே எழுத வரவில்லை? கர்ட் கூப்பிட்டு அவள் திரும்பாததா?

ஜனவரி 21, செவ்வாய்



தொண்டை கட்டியிருந்தது. வளையத்தைத் தூக்கி, 'ஷ்' சொல்ல மூச்சை இழுத்தேன். சத்தம் வரவில்லை. கட்டை மட்டும் வாளியில் விழுந்தது. டொக்.

மறுபடி தூக்கினேன். வேண்டுமென்றே மூச்சை மட்டும் இழுத்தேன். டொக். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.

பிறகு மூச்சைக்கூட இழுக்காமல், தோளை அசைக்காமல், உரக்க 'ஆ' என்றேன். கட்டை கன்னத்திலேயே இருந்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

என் தோள் ஏறுவதைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறாள்! ஐந்து மாதமும்! கெட்டிக்காரக் குட்டி. இருபத்தொரு வருஷ சர்வீஸ் உள்ள நான்தான் முட்டாள். வாயை மறைத்தேனே, தோளை மறைத்தேனா?

எனக்குப் பின்னால் நின்ற மார்னி, நான் 'ஷ்' சொன்னதாகவே நினைத்து, விழுந்த இரண்டு கட்டைக்கும் கைதட்டியிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் ஓடி வந்துவிட்டேன். கோழை.

ஜனவரி 22

சொல்லணும். எப்படிச் சொல்ல?

ஜனவரி 24

மெஷினில் கோளாறு என்று சொல்லிவிடலாமா? செவ்வாய்க்கிழமை காலை நானேதான் காதுக்குழாய் மாட்டி அதைக் கேட்டுப் பார்த்தேன். மெஷின் நன்றாகவே இருந்தது.

ஜனவரி 28, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

முதலில் கர்ட்டைப் பொம்மை லாரியோடு அவள் எதிரே உட்கார வைத்தேன். "புருவத்தைக்கூட அசைக்காதீங்க" என்றேன். நான் அவள் முதுகுக்குப் பின்னால். ஆறு சத்தமும் இரண்டு சுற்று. வாளி காலியாகவே இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் மார்னியின் முகம் வெளுத்துவிட்டது.

"அஞ்சு மாசம், டோரீன். கேக்குது கேக்குதுன்னு ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னேனே. நீங்க சொன்னீங்கன்னுதானே சைகைமொழிகூட இப்ப வேணாம்னு விட்டேன்!"

"என் தப்புதான் மார்னி. முழுக்க என் தப்பு."

கர்ட் லாரிச் சக்கரத்தையே உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு லாரியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப... அவளுக்கு என் மேல கோவம் இல்லையா?" என்றார்.

"இல்ல கர்ட். உங்க குரல் அவகிட்ட போய்ச் சேரவே இல்ல."

தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். இரண்டு வாரமாக நான் சொன்ன சொல்லைச் சுமந்திருக்கிறார் மனுஷன். என் வாயைத் தைக்க வேண்டும்.

ஜனவரி 31

என் பழைய குறிப்புகள் எதுவும் செல்லாது என்று கைப்பட எழுதி அனுப்பினேன்.

பிப்ரவரி 11

மார்னி, கர்ட், டெல்லா மூவருமாகச் சைகைமொழி கற்கத் தொடங்கியாயிற்று. மார்னி என் முகத்தைப் பார்க்கவில்லை. காபி தரவில்லை. இத்தனை மாதத்தில் முதல் முறை.

பிப்ரவரி 26

ஆபரேஷன் ஏப்ரல் 9. கர்ட் அப்போது ஏரியில் இருப்பார். ஐந்து மாதம் முன்னால் நடந்திருக்க வேண்டியது — இதையே நினைத்து நினைத்து...

மார்ச் 25, செவ்வாய்

கர்ட் இன்று கப்பலுக்குக் கிளம்பினார். வாசலில் பை. டெல்லா முதுகைக் காட்டியபடி தரையில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் கூப்பிடவில்லை. பூட்ஸ் காலால் மரத்தரையை இரண்டு தடவை ஓங்கி மிதித்தார்.

தரை அதிர்ந்ததும் திரும்பினாள். விரித்த கையின் கட்டைவிரலை நெற்றியில் வைத்துச் சைகையில் சொன்னாள். அப்பா.

"பாத்தீங்களா டோரீன், நான் கூப்பிட்டா திரும்புறா!" என்றார். குரல் உடைந்திருந்தது.

அவர் போன பிறகு மார்னி ஒரு கோப்பை காபியை என் பக்கம் நகர்த்தினாள். குடித்தேன்.